எங்கள் வீட்டு மெய்க்கீர்த்தி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் தவறாது கூடிவரும் இவ்வட்டத்தின் மேடையில் சங்கப் பாடல்களைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் பலமுறை பேசியிருக்கிறேன். இவ்விழாவில் 'குடும்ப வரலாறும் ஆவணங்களும்' என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, பிறருடைய குடும்பங்களைச் சான்று காட்டிப் பேசிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். பின்னர், அது நேர்மையாகாது என்று பட்டது. ஆகவே என் குடும்பத்தைப் பற்றியே பேசத் துணிந்தேன். இவ்வுரை என் உறவினர் சிலருக்கு உவப்பளிக்காது. அதனை அறிந்தே பேசுகிறேன்.

நான் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் சோழர் மெய்க்கீர்த்திகள். கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளை வரிசைப்படுத்திக் கூறும் மரபை முதலாம் இராசராசன் நிலைப்படுத்தினான் என்பதை நீங்கள் அறிவீர்கள். மெய்க்கீர்த்தியில் வெற்றி உண்டு, தோல்வி இராது. கொண்ட நாடு உண்டு. அந்நாட்டில் எரிந்த ஊர் இருப்பின் அதுவும் புகழாகவே பாடப்பட்டிருக்கும். 'ஒரு மெய்க்கீர்த்தி சொல்வதைப் பிற சான்றுகளோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள்' என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கூறிவருகிறேன். ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒரு மெய்க்கீர்த்தி வழங்கிவந்ததும், அதனை நான் ஒருநாளும் ஐயுறாததும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் முசிறியை அடுத்த ஒரு சிற்றூர். ஊரில் எங்கள் வீட்டுக்குக் 'கண்டிக்காரர் வீடு' என்று பெயர். என் தந்தையின் பாட்டனார் இளமையில் கண்டிச்சீமைக்குத் துணி வணிகராகச் சென்றார். துரைமாரின் நம்பிக்கையைப் பெற்றார். பொருளீட்டித் திரும்பி நிலம் வாங்கினார். கோயிலுக்கு முன்மண்டபம் எடுத்தார். இதுவே எங்கள் மெய்க்கீர்த்தி. திருமணப் பேச்சு நிகழும்போதெல்லாம் இது தவறாமல் ஓதப்படும். அவருடைய மனைவியாரைக் குறித்து என் பாட்டி, 'எங்கள் மாமியார் வெயில் காணாத மேனி' என்று பெருமையோடு கூறுவார்.

பரணில் கிடந்த பெட்டி

மூன்றாண்டுகளுக்கு முன் பழைய வீட்டின் ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தது. மார்கழியின் கடைசி வாரம். பரணில் கிடந்த தாள்களையும் ஏடுகளையும் போகியன்று கொளுத்திவிடச் சொல்லி என் சிறிய தந்தையார் முற்றத்தில் குவித்து வைத்திருந்தார். ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட நாடு இது. போகித் தீயில் தாள்களை இடுவதில் வியப்பில்லை. அக்குவியலில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. திறந்தேன். துணியில் சுற்றிய நீண்ட பேரேடு ஒன்று, சில பத்திரங்கள், மடித்த துண்டுத்தாள் ஒன்று, துளையிட்ட வட்டமான தகர வில்லை ஒன்று ஆகியவை இருந்தன. அவ்வில்லையை வைத்துச் சிறுவயதில் நாங்கள் பாண்டி ஆடியது நினைவுக்கு வந்தது. அதில் பொறித்திருந்த எண்கள் எவை என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

பேரேட்டைப் படிப்பது எனக்குக் கடினமாக இல்லை. ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றைக் குறிக்கும் ௵, ௴, ௳ என்னும் குறிகளும், ரூபாயைக் குறிக்கும் ௹ என்னும் குறியும், தமிழ் எண்களும் கல்வெட்டிலும் சுவடியிலும் பழகிய கண்களுக்குப் புதியவை அல்ல. அதில் எழுதப்பட்டிருந்த செய்திகளே எனக்குப் புதியவை.

முதல் வியப்பு ஒரே சொல்லால் விளைந்தது. நம் நாட்டுப் பழைய கணக்குகளில் ரூபாய், அணா, பைசா என்றே தொகை எழுதுவார்கள். இப்பேரேட்டில் ரூபாயை அடுத்துச் 'சதம்' என்று எழுதப்பட்டிருந்தது. இலங்கையில் 1872 முதலே ரூபாய் நூறு சதமாகப் பகுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இக்கணக்கு கண்டிச்சீமையில் எழுதப்பட்டது என்பது தெளிவாயிற்று. ஆனால் நாற்பது ஏடுகளைப் புரட்டிய பின்னும் ஒரு முழம் துணியின் விலைகூடக் கண்ணில் படவில்லை. ஏட்டில் இருந்தவை ஆட்களின் பெயர்கள். பெயருக்கு எதிரே பற்று. 'அரிசி வகையில் பற்று', 'கம்பளி வகையில் பற்று', 'வழிச்செலவு வகையில் பற்று' என்று நீண்டன.

அடுத்த சிக்கல் காலத்தைக் கணிப்பது. பேரேடு ஆனந்த ஆண்டில் தொடங்குகிறது. நம் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆனந்த ஆண்டு 1854ஆகவும் இருக்கலாம், 1914ஆகவும் இருக்கலாம். முதல் ஏட்டிலேயே விடை இருந்தது. 'தனுக்கோடிக்கு ரயில் சத்தம்' என்று ஒரு பற்று எழுதப்பட்டிருந்தது. சத்தம் என்பது கட்டணம். பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுக்கோடிக்கு இருப்புப்பாதை சென்றது 1914ஆம் ஆண்டில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டதும் அவ்வாண்டில்தான். அதற்கு முந்தைய தலைமுறையினர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். ஆகவே ஆனந்த ஆண்டு என்பது 1914 என உறுதியாயிற்று.

தலைக்காசு

பேரேட்டின் வரவுப் பக்கத்தில் மாதந்தோறும் 'தலைக்காசு வரவு' என்று ஒரு தொகை வருகிறது. தேயிலைத் தோட்ட வரலாற்றைப் படித்தவர்களுக்கு இச்சொல் விளங்கும். தம் ஆட்களில் எத்தனை பேர் காலைப் பெரட்டுக்கு வந்து வேலைக்குச் சென்றார்களோ அத்தனை தலைக்கும் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தோட்டத்தார் கொடுத்த காசு அது. என் தந்தையின் பாட்டனார் துணி வணிகர் அல்லர், கங்காணி.

கங்காணி முறையைச் சுருக்கமாகக் கூறுவது பொருந்தும். தோட்டத் துரை முன்பணம் கொடுப்பார். கங்காணி அப்பணத்தோடு சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் ஊராரையும் சேரி மக்களையும் திரட்டுவார். முன்பணமும் வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் ஆளின் பெயரில் கடனாக ஏறும். அக்கடன் தீரும்வரையில் ஆள் தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. வேறு தோட்டம் செல்லவேண்டுமாயின், 'இவ்வளவு கடனைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம்' என்று தோட்டத்தார் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடன் அங்கே தொடரும். ஆட்கள் கைமாறினர், கடன் மாறவில்லை. இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எங்கள் பேரேடும் துன்மதி ஆண்டாகிய அந்த 1921இல்தான் முடிகிறது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை நான் பன்னிரண்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வந்திருக்கிறேன். நெல்லைச் சீமைப் பெண்ணொருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் படும் துயரை விளக்கும்போது, ஒருமுறை வகுப்பே அமைதியில் ஆழ்ந்ததும் உண்டு. அக்கதையில் நான் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்பதை அந்நாட்களில் அறியாமலே நடத்தினேன்.

பெட்டியில் இருந்த மடித்த தாளை இதன் பின்னரே விரித்துப் பார்த்தேன். அதுவும் ஒரு துண்டு. 1907ஆம் ஆண்டில் ஒரு தோட்டம் எழுதித் தந்தது. கடன் தொகை 48 ரூபாய். கடனாளிகளாக இரு பெயர்கள் இருந்தன. ஒன்று என் தந்தையின் பாட்டனார் பெயர். மற்றொன்று அவருடைய மனைவியாரின் பெயர். அந்தத் தகர வில்லை, ஆள் வழிதவறாமல் உரிய தோட்டத்தைச் சேரவேண்டும் என்பதற்காகக் கழுத்தில் கட்டிவிட்ட அடையாளம். 'வெயில் காணாத மேனி' என்று போற்றப்பட்ட அப்பெண்மணி, கழுத்தில் எண் கட்டிக் கப்பலேறியவர். முதுகில் கூடை சுமந்து மழையிலும் வெயிலிலும் கொழுந்து கிள்ளியவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மறைக்கப்பட்டது இழிவு என்று நான் கருதவில்லை. அவ்வுழைப்பை மறைத்ததே இழிவு.

கடனாளியாகச் சென்றவர் ஏழாண்டுகளில் கடன் கொடுப்பவராக மாறிவிட்டார். துன்பம் பட்டவர் பிறர் துன்பத்தை உணர்வார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பேரேடு அவ்வாறு சொல்லவில்லை.

காளயுக்தி ஆண்டு ஐப்பசி

பேரேட்டில் மொத்தம் 43 பெயர்கள் உள்ளன. அவற்றுள் 11 பெயர்கள் காளயுக்தி ஆண்டு ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களுக்குள் அடிக்கப்பட்டுள்ளன. பெயருக்குப் பக்கத்தில் 'தவறிப்போனது' என்று ஒரே சொல். காளயுக்தி என்பது 1918-19. உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த இன்புளுயன்சா, கடல் கடந்து மலைத் தோட்டத்து லயங்களிலும் புகுந்திருக்கிறது. வரலாற்று நூலில் நான் ஒரு வரியாகப் படித்துச் சென்ற கொள்ளைநோய், இங்கே பெயர் பெயராகக் கிடந்தது.

இறந்த பதினொருவருள் வாரிசு இல்லாத நால்வரின் கணக்கில் மட்டும் 'வராத பற்று' என்று எழுதிக் கணக்கு முடிக்கப்பட்டிருந்தது. மற்ற எழுவரின் கடன்களும் மனைவி பேரிலோ மகன் பேரிலோ தம்பி பேரிலோ மறுநாளே ஏற்றப்பட்டிருந்தன. எழுத்து சிறிதும் நடுங்கவில்லை. அரிசிக் கணக்கு எழுதிய அதே கையெழுத்து. அந்த ஏட்டைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவ்வெழுவருள் ஒருவரின் கணக்கை மட்டும் இங்கே கூறுகிறேன். அவர் எங்கள் ஊர்க்காரர். இறக்கும்போது அவருடைய கடன் 71 ரூபாய் 50 சதம். அது பதினான்கு வயது மகன்மேல் ஏறியது. இரண்டாண்டுகளில், ரௌத்திரி ஆண்டாகிய 1920இல், அது 118 ரூபாயாக வளர்ந்திருந்தது. பெட்டியில் இருந்த பத்திரங்களுள் ஒன்று அவ்வாண்டைச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் 'கண்டிப் பணத்தில் வாங்கியது' என்று பெருமையோடு சொல்லப்படும் புன்செய், கிணற்றோடு கூடிய 1 ஏக்கர் 62 சென்ட் நிலம், அப்பத்திரத்தின் வழியே எங்களுக்கு வந்தது. மைனரான மகனுக்குக் கார்டியனாகத் தாய் விற்றிருக்கிறார். விலை 150 ரூபாய். அதில் 118 ரூபாய் பழைய பற்றுக்கு நேராகிவிட்டது. கையில் பெற்றது 32 ரூபாய். பத்திரத்தின் அடியில் அத்தாயின் இடக்கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. நூறாண்டு கடந்தும் கோடுகள் அழியவில்லை.

அதே திங்களில் பேரேட்டில் மீண்டும் அந்த மகனின் பெயர் வருகிறது. 'தாயும் மகனும் திரும்பப் போக வழிச்செலவு பற்று 14 ரூபாய்.' பழைய கடனுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, புதிய கடனோடு மீண்டும் கப்பலேறியிருக்கிறார்கள்.

இதனை என் சிறிய தந்தையாரிடம் கூறினேன். அவர் படித்தவர், நல்லவர், என்னைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுவிட்டவர். 'அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே அம்மா? செத்தவரைக் கூண்டில் ஏற்றி என்ன ஆகப்போகிறது? வீணாக வில்லங்கத்தை விலைக்கு வாங்காதே' என்றார். அவர் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பேரேட்டை அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மலைமேல் தேடல்

கப்பலேறிய அத்தாயும் மகனும் பின்னர் என்ன ஆனார்கள்? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான், குடும்ப வரலாறு என்பது பெருமை பேசுவதற்குரிய பொழுதுபோக்கு அன்று, சிலருக்கு அது குடியுரிமை என்பதை உணர்ந்தேன்.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், ஒருவர் அந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. அவருடைய தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களுக்கு ஏது பிறப்புச் சான்று? மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். பின்னர் 1964 அக்டோபர் 30இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைக் குறித்துப் பின்னர் முடிவு செய்வதென்றும் உடன்பட்டன. அந்த எஞ்சியோரையும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அவ்வாறு வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டோம். அவர்களுள் பலர் அத்தாயகத்தை அதற்கு முன் கண்டதே இல்லை. அவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது.

இரண்டு கோடை விடுமுறைகளில் பேரேட்டின் படிகளோடு கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் அலைந்தேன். தாயகம் திரும்பியோர் தம் மாவட்டத்தை மறந்திருப்பார்கள். இலங்கையில் வாழ்ந்த தோட்டத்தின் பெயரை மறக்கமாட்டார்கள். ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அருகருகே குடியிருப்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கேட்டுச் சென்றதில், பேரேட்டில் உள்ள 43 பெயர்களுள் 3 பெயர்களின் வழியினரை இதுவரை கண்டுள்ளேன். அவர்களுள் ஒருவர், கோத்தகிரிக்கு அப்பால் வாழும், எண்பதை நெருங்கிய ஓர் அம்மையார். நிலத்தை எழுதிக் கொடுத்த அந்தத் தாயின் மகன் வயிற்றுப் பேத்தி.

அவர் பிறந்தது 1945இல், இலங்கைத் தோட்டத்து லயத்தில். தந்தை முசிறிப் பக்கம் பிறந்தவர் ஆகையால் மகளுக்கு இலங்கைக் குடியுரிமை இல்லை. கணவரோடும் இரு குழந்தைகளோடும் 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியிருக்கிறார். தாள்களில் சொந்த ஊர் என்ற இடத்தில் முசிறி என்று எழுதினார்களாம். எந்தச் சிற்றூர் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. தந்தையார் 1958இலேயே மறைந்துவிட்டார்.

'அப்பா சாகிற வரைக்கும் ஒண்ணு மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க டீச்சரம்மா. ஊர்ல நமக்கு ஒரு கெணறு இருக்கு, இலுப்பையடிக் கெணறுன்னு பேருன்னு. கெணத்துப் பேர வச்சுக்கிட்டு ஊரத் தேட முடியுங்களா?' என்று கேட்டார்.

1920ஆம் ஆண்டுப் பத்திரத்தில், நான்கெல்லை கூறும் இடத்தில், 'இலுப்பையடிக் கிணறு' என்றே எழுதியிருக்கிறது. தந்தையின் பெயரும் பாட்டனின் பெயரும் ஒத்தன. கிணற்றின் பெயரும் ஒத்தது. பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு உங்களுக்கு நினைவுக்கு வரலாம். முன்னோர் பெற்ற ஊரைக் களப்பிரர் காலத்தில் இழந்த ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் முன் நின்று முறையிடுகிறார். உன் பழமையை மெய்ப்பித்துக் காட்டு என்கிறான் மன்னன். அவர் மெய்ப்பித்தார்; ஊரைத் திரும்பப் பெற்றார். அச்செப்பேட்டை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இங்கே உரிமை உடையவர் கையில் ஒரு தாளும் இல்லை. அவருடைய பழமையை மெய்ப்பிக்கும் ஆவணம் எடுத்தவர் வீட்டுப் பரணில் இருந்தது.

நான் யார் என்பதை அப்போதுதான் அவரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, 'நீங்க அந்தக் கங்காணி வீட்டுப் பிள்ளைங்களா?' என்றார். ஆம் என்றேன். 'எங்க அப்பாயி அந்தப் பேரச் சொல்லித்தான் மண்ண வாரித் தூத்துமாம். அப்பா சொல்வாரு' என்றார். கோபத்தோடு கூறவில்லை, ஒரு செய்தியைக் கூறுவதுபோலவே கூறினார். எங்கள் வீட்டில் திருமணந்தோறும் புகழாக ஓதப்பட்ட பெயர், கடலுக்கு அப்பால் ஒரு லயத்தின் வாசலில் சாபமாக ஒலித்திருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை.

பத்திரத்தை அவர் கையில் கொடுத்தேன். எழுத்துகளை அவர் பார்க்கவில்லை. விரல் ரேகையைக் காட்டி, 'இது அப்பாயி வெரலுங்களா?' என்று கேட்டார். தம் பெருவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அப்பாயியின் நிழற்படம் இல்லை. அவருக்குக் கிடைத்த ஒரே உருவம் அந்த ரேகைதான்.

ஊருக்கு வந்தவர்

அடுத்த திங்களில் அவரையும் அவர் மகனையும் எங்கள் ஊருக்கு அழைத்துச் சென்றேன். இலுப்பை மரம் என் தந்தையார் காலத்திலேயே வெட்டப்பட்டுவிட்டது. கிணறு வற்றி, பாதிவரை குப்பை நிறைந்து கிடக்கிறது; பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சோளம் விதைத்திருக்கிறோம். எட்டிப் பார்த்த அவ்வம்மையார், 'தண்ணி இல்லையா?' என்று மட்டும் கேட்டார். நிலத்தைக் குறித்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறொன்று: 'எங்க சாமி எதுங்க?'

இக்கேள்விக்கு விடை பேரேட்டில் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். பாட்டனின் பெயரைக் கேட்டதும் சற்று யோசித்து, 'கண்டிக்குப் போய் வகையற்றுப் போன வீடு என்று எங்கள் ஐயா சொல்வார்' என்றார். அவர்களுடைய பங்காளிகள் மூன்று வீட்டார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். முதலில் தயங்கினர், நிலத்தில் பங்கு கேட்டு வந்தவர்களோ என்று அஞ்சினர். நான்காம் நாள் அவர்களே எனக்குத் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னார்கள். கடந்த மாசியில், சிவராத்திரியன்று, கருப்பண்ணசாமி கோயில் வரிப் பட்டியலில் அவ்வம்மையாரின் மகன் பெயர் ஒரு தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டது. முதல் வரியாக அவர் கட்டிய தொகை 500 ரூபாய். பற்றுக் கணக்கில் மட்டுமே பெயர் ஏறியிருந்த ஒரு குடும்பம், நூறாண்டு கழித்து வரவுக் கணக்கில் ஏறியது.

இத்தோடு உரையை முடித்துக்கொண்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். அவ்வாறு முடித்தால் அது இன்னொரு மெய்க்கீர்த்தியாகிவிடும். ஆகவே மீதியையும் கூறுகிறேன். அந்நிலம் இன்றும் எங்கள் குடும்பத்தாரிடமே இருக்கிறது. பாகப்பிரிவினை ஆகவில்லை. பெண்மக்களுக்கும் சமபங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வந்ததால், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கைக் கிணறு இருக்கும் பக்கமாகப் பிரித்து அக்குடும்பத்தார் பெயருக்கு எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என் சிறிய தந்தையார் ஓராண்டாக என்னோடு பேசுவதில்லை. என்னைத் தோளில் சுமந்தவர் அவர் என்பதை முன்னரே கூறினேன். அவ்வம்மையாரோ, 'எனக்காக வீட்டோட பகைச்சுக்காதீங்க' என்கிறார். சட்டப்படி அந்தக் கிரயம் செல்லும். நூறாண்டு அனுபோகமும் உண்டு. எந்த நீதிமன்றமும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆயினும் அந்த ரேகையைப் பார்த்த பின்னர், அந்நிலத்துச் சோளத்தை வீட்டுக்குக் கொண்டுவர எனக்குக் கை எழவில்லை.

இலக்கிய வட்டத்து அன்பர்களுக்குச் சில சொற்கள். உங்கள் வீடுகளிலும் பரண்கள் இருக்கும். பழைய பத்திரம், கணக்குப் பேரேடு, கடிதம், ஓலை, மொய் எழுதிய ஏடு ஆகிய எதையும் படிக்காமல் போகியில் இடாதீர்கள். படிக்க இயலாதெனில், படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இவ்வட்டத்திலேயே பலர் இருக்கிறோம். முதியவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லாமல் விடும் இடங்களையும் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அவ்விடங்களில்தான் வரலாறு இருக்கிறது. பெருமை தேடித் தொடங்குவீர்கள். வேறு ஏதேனும் கிடைக்கக்கூடும். கிடைத்ததை மறைக்காதீர்கள். நமக்கு வெட்கம் தரும் தாள் வேறொருவருக்கு அவருடைய ஊராக இருக்கலாம்.

எங்கள் பேரேட்டில் இன்னும் 40 பெயர்களின் வழியினர் கண்டறியப்படவில்லை. முசிறி, துறையூர்ப் பகுதிகளிலிருந்து கண்டிச்சீமைக்குச் சென்று செய்தி அற்றுப்போன முன்னோர் உங்கள் குடும்பத்தில் யாரேனும் இருப்பின், அவர்கள் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி இன்று விழா முடிவதற்குள் என்னிடம் கொடுங்கள். பேரேட்டின் பெயர்ப்பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். வாயிலருகே உள்ள மேசையில் அமர்ந்திருப்பேன்.